பதினோராம் எண் கூண்டு

அம்மா அதற்கு வைத்த பெயர் ‘கத்துற பொட்டி’. ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் என்கிற ஊர்; அங்கே எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், மிக்ஸிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பாட்டு வராது, ஊர்ச் செய்தி வராது. மற்ற நேரமெல்லாம் ஊமையாய்க் கிடந்துவிட்டு, புதன்கிழமை மதியத்தை ஒட்டிச் சோதனைக்காக ஒரு தடவை கத்தும். முதலில் தவளைகள் சண்டை போடுவதுபோல மூன்று முறை கரகரக்கும். பிறகு காதைத் துளைக்கிற மாதிரி ஒரே சீரான விசில். அதற்கப்புறம் இயந்திரக் குரலில் இங்கிலீஷ்.

2013 மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கிய அம்மா, முதல் புதன்கிழமை அதைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு, “கேஸு வெடிக்கப் போவுதுடா” என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அடுப்பு கரண்ட் அடுப்பு என்று அவளுக்குப் புரியவைத்து உள்ளே கூட்டிவர அரை மணி நேரம் ஆனது.

பெட்டியைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. என் மகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். இங்கேயும் அதுவே இருக்கட்டும். டிங்கர் விமானப் படைத் தளத்தில் முப்பது வருஷம் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. நாங்கள் குடிவந்த மறுநாளே வந்து நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை என்றெல்லாம் விசாரிக்கவில்லை. “வெதர் ரேடியோ இருக்கா?” என்றுதான் கேட்டார். செல்போன் இருக்கிறது என்றேன். “ராத்திரி தூங்கும்போது அதை எங்கே வைப்பீங்க? சத்தத்தை நிறுத்தி வைப்பீங்களா?” என்றார். எனக்குப் பதில் இல்லை. சாயங்காலம் பெட்டியோடு வந்து, 040027 என்று ஆறு எண்களை அழுத்திக் கொடுத்தார். 40 என்பது ஓக்லஹோமா மாநிலம். 027 எங்கள் கிளீவ்லேண்ட் கவுண்டி, நம்மூர் மாவட்டம்போல. பக்கத்துக் கவுண்டிக்கு மட்டும் ஆபத்து என்றால் பெட்டி தூங்கும். நமக்கு என்றால் நம்மை எழுப்பும்.

இது எங்கிருந்து பேசுகிறது என்று கேட்டேன். தெற்கே கையைக் காட்டினார். பத்து மைல் தூரத்தில் நார்மன். அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய வானிலை மையக் கட்டடம் இருக்கிறது. அதற்குள்தான் வட்டார வானிலை அலுவலகம். ஓக்லஹோமாவில் 48 கவுண்டி, டெக்சாஸில் 8 கவுண்டி, ஆக 56 கவுண்டிக்கு வானம் பார்க்கிறவர்கள் அங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தட்டச்சு செய்வதைக் கணினி வாசித்து ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு அனுப்பிவிடும். எங்களுக்கு 162.400 மெகாஹெர்ட்ஸ். சாதாரண எஃப்.எம். ரேடியோவில் அது எடுக்காது. நாடு முழுக்க இப்படி ஆயிரத்துக்கு மேல் கோபுரங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழே ஏழு அலைவரிசை. 1974 ஏப்ரலில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள் (சுழல்காற்றுகள்) பல மாநிலங்களைச் சிதைத்துப் போட்டன. அதற்கு அடுத்த வருஷம், வீட்டுக்குள்ளேயே நேராக வந்து எச்சரிக்கும் அரசு வானொலி இதுதான் என்று வாஷிங்டனில் முடிவெடுத்தார்கள்.

தாத்தாவுக்கு அதைவிடப் பழைய கதையில்தான் பெருமை. 1948 மார்ச் 20ஆம் தேதி டிங்கர் தளத்தை டொர்னேடோ அடித்து விமானங்களை நொறுக்கியது. அங்கிருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகள் ஐந்தே நாளில், 25ஆம் தேதி காலை வரைபடங்களைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு இருந்த அதே அமைப்பு இன்றைக்கும் இருக்கிறது என்று எச்சரிக்கை விட்டார்கள். சாயங்காலம் அதே தளத்தில் மறுபடியும் டொர்னேடோ. அதுவரை அந்த நாட்டு வானிலைத் துறை பொதுமக்களுக்கான அறிக்கையில் டொர்னேடோ என்ற வார்த்தையையே தவிர்த்துவந்தது. சொன்னால் ஜனங்கள் பீதியாகிவிடுவார்களாம். ஜனங்களின் பீதியைப் பற்றிக் கவலைப்படுகிற அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் தமிழில் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். “இங்க கூண்டு ஏத்த மாட்டாங்களா?”

அம்மாவின் அப்பா நாகை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்தவர். சென்னையிலிருந்து செய்தி வந்ததும் கம்பத்தில் பகலில் கூண்டு, ராத்திரியில் விளக்கு. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தால் அம்மா கூண்டு எண்களைப் படித்தாள். ஒன்று என்றால் தூரத்தில் காற்றழுத்தம், பத்து என்றால் பேராபத்து, புயல் நம் தலைமேல். அப்படியானால் பதினொன்று எதற்கு? சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். “அது புயலப் பத்தி இல்லடா. புயலச் சொல்ற ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சு, இனிமே எங்களுக்கே ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். எங்கப்பா பத்துக்குக்கூட பயந்தது இல்ல, பதினொண்ணுக்குத்தான் பயப்படுவாரு.”

1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயல் நாகையை அடித்தபோது எனக்கு மூன்று வயது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. என்னைப் புடவையால் இடுப்போடு கட்டிக்கொண்டு வெளிப்பாளையம் வீட்டு நெல்குதிருக்குப் பின்னால் விடியும்வரை உட்கார்ந்திருந்தாளாம். இப்போது அதே கதையைப் பேத்திக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

என் தப்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஏப்ரலில் இடி மழை எச்சரிக்கைக்காக ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பெட்டி கத்தி எல்லோரையும் எழுப்பிவிட்டது. மூன்றாவது தடவை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். பின்னால் பேட்டரியும் போட்டிருக்கவில்லை. இரண்டு வாரம் அது செத்தே கிடந்தது. ஒரு சனிக்கிழமை, ஊர்ச் சங்கு சோதனைக்கு ஊதி முடித்த நேரம், தாத்தா ஏதோ கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போனார். மூன்று பேட்டரியோடு திரும்பி வந்தார். போட்டு, மூடி, பிளக்கைச் செருகி, “1999 மே 3ஆம் தேதி என் வீடு இந்தத் தெருவில் இல்லை. மேற்கே இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

அந்த 1999ஆம் வருஷத்து டொர்னேடோவின் காற்றை லாரியில் ஏற்றிப் போன ரேடார் அளந்தபோது மணிக்கு ஏறக்குறைய 300 மைல் காட்டியது. வழக்கமான எச்சரிக்கை வாசகம் போதாது என்று நார்மன் அலுவலகத்தில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ‘டொர்னேடோ அவசரநிலை’ என்று எழுதினார்கள். அதில் மூரும் இருந்தது. இந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கியிருப்பேனா என்று இப்போது சொல்வது சுலபம்.

2013 மே 20, திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையே நார்மனுக்குக் கிழக்கே தண்டர்பேர்ட் ஏரிப் பக்கமும் ஷானி பக்கமும் டொர்னேடோக்கள் அடித்து இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அன்று நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். மனைவி ஓக்லஹோமா சிட்டியில், ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில். காலையிலிருந்தே புழுக்கம். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் துணி எடுக்கப் போன அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, “ஐப்பசி மாதிரி இருக்குடா” என்றாள்.

மதியம் ஒரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தியது. ‘வாட்ச்’. அதாவது, டொர்னேடோ உண்டாகத் தோதான சூழ்நிலை இருக்கிறது, கவனமாக இருங்கள் என்பது. ‘வார்னிங்’ என்றால் உண்டாகிவிட்டது, அல்லது ரேடாரில் சுழற்சி தெரிகிறது, இப்போதே ஒளியுங்கள் என்பது. நாகைக்காரனுக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏற ஒரு வருஷம் பிடித்தது. எங்கள் ஊர்ப் புயல் மூன்று நாள் முன்னாலேயே கிளம்பி, எங்கே வருகிறது, எங்கே திரும்புகிறது என்று நியூஸ் போட்டுக்கொண்டு வரும். அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி வாங்கி வைக்க நேரம் இருக்கும். இது அப்படி இல்லை. மதியம் சாப்பிடும்போது வெயில். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சாவு.

2.40க்கு மறுபடி கத்தியது. நான் அலுவலகக் கூட்டத்தில், காதில் ஹெட்போனோடு இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. அம்மாதான் வந்து ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள். இடுப்பில் குழந்தை. “பொட்டி கத்துது. இது புதங்கெழம இல்ல.”

அவளுக்கு அதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடப் புரியாது. இன்று திங்கட்கிழமை, ஆகவே இது சோதனை இல்லை. அந்தக் கணக்கு போதும் அவளுக்கு. இரண்டு மாதமாகப் புதன்கிழமைகளில் அது கத்தி எங்களை எரிச்சல்படுத்தியதன் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது அடிதான். எங்கள் வீட்டில் பதுங்குகுழி இல்லை. அந்தப் பக்கத்துச் சிவப்புக் களிமண்ணில் நிலவறை தோண்டுகிற பழக்கம் குறைவு. பெரும்பாலான வீடுகள் வெறும் சிமெண்ட் தளத்தின் மேல் மரச்சட்டம் அடித்து நிற்பவை. தாத்தாவின் கராஜ் தரையில் ஓர் இரும்புப் பெட்டி புதைத்திருந்தது. ‘ஃப்ரெய்டி ஹோல்’ என்பார்கள் அங்கே. பயந்தாங்கொள்ளிக் குழி. காரை முன்பே வெளியே எடுத்துவிட்டு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அம்மாவைக் கையைப் பிடித்து முதலில் இறக்கினார். பிறகு குழந்தை, நான், எதிர்வீட்டுப் பெண், அவளுடைய நாய். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். அவர் கையில் இன்னொரு ரேடியோ, சின்னது. மூடியைக் கடைசிவரை மூடவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு அதன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2.56க்கு நியூகாசிலுக்கு மேற்கே தரையைத் தொட்டுவிட்டது. எச்சரிக்கைக்கும் அதற்கும் இடையே 16 நிமிஷம். 3.01க்கு இயந்திரக் குரல் ‘டொர்னேடோ அவசரநிலை’ என்றது. மூர் என்றது. அதே குரல்தான் தினமும் நாளைய வெப்பநிலை இவ்வளவு, காற்றின் வேகம் இவ்வளவு என்று வாசிப்பது. ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர்களின் குரல் உடையும், கத்தும், கெஞ்சும். இதற்கு அதெல்லாம் கிடையாது. அந்தச் சமயத்தில் எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது.

மூன்றேகால் சுமாருக்கு ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. கராஜ் கதவில் யாரோ செங்கல் எறிவதுபோல. தாத்தா மூடியை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார். இரும்புக்குள் அலை வரவில்லை. ரேடியோ இரைந்தது, விட்டு விட்டு ஒரு வார்த்தை, பிறகு வெறும் இரைச்சல்.

இருட்டில் அம்மா சொன்னாள்: “பதினொண்ணாம் நம்பர் ஏறிடுச்சு.”

ரயில் வருவதுபோலச் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ரைஸ்மில். எங்கள் ஊர் ரைஸ்மில்லில் நெல் கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. காது அடைத்தது, மலையிலிருந்து பஸ் இறங்கும்போது அடைப்பதுபோல. மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. தாத்தா இரண்டு கையாலும் அதன் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்திருந்தார். குழந்தை அழவில்லை. நாய்தான் அழுதது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது எங்கள் தெருவில் வீடுகள் நின்றன. கூரை ஓடுகள் போய், ஜன்னல்கள் போய், சுவரெல்லாம் சிவப்புச் சேறு அப்பி நின்றன. மரங்கள், வேலி, கார்கள் என்று எல்லாவற்றின் மேலும் இளஞ்சிவப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. சுவர்களுக்குள் வெப்பம் தடுக்க வைக்கிற கண்ணாடிப் பஞ்சு. அது வெளியே வந்திருக்கிறதென்றால் எங்கேயோ சுவர்கள் இல்லை என்று பொருள். தெற்கே அரை மைல் நடந்தால் தெரிந்தது. அங்கே தெருவே இல்லை. அறுபட்ட மரத்தின் வாசனையும் கேஸ் வாசனையும். யாருடையதோ கல்யாணப் போட்டோ ஒன்று எங்கள் வாசலில் நனைந்து கிடந்தது. மூன்று வருஷம் வைத்திருந்தேன், உரியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. மனைவி உயிரோடிருக்கிறாள் என்பது ராத்திரி எட்டு மணிக்கு அவள் நடந்து வந்த பிறகுதான் தெரியும். சமையலறைக்குள் போனேன். மிக்ஸி கீழே விழுந்து உடைந்திருந்தது. ஊறுகாய் ஜாடி சுக்குநூறு. பெட்டி மட்டும் மேடையில் கவிழ்ந்து கிடந்து, தாத்தா போட்ட பேட்டரியில், எலுமிச்சை ஊறுகாய் எண்ணெய்க்கு நடுவே பேசிக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டிவிட்ட மேகத்தைப் பற்றிக் கிழக்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிரவு இறந்தவர்கள் 51 என்றார்கள், பிறகு 91 என்றார்கள். மறுநாள் எண்ணிக்கை 24 ஆகக் குறைந்தது. குறைந்ததில் ஆறுதல் கொள்ள முடியாதபடி அதில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். நார்மனில் இருந்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். 16 நிமிஷம் என்பது டொர்னேடோ விஷயத்தில் நல்ல அவகாசம். ஆனால் அந்தப் பள்ளியில் பாதுகாப்பு அறை கட்டியிருக்கவில்லை. எங்கே ஓடுவது என்பதற்கு ரேடியோவிடம் பதில் கிடையாது. எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குழி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் பள்ளியைப் பாதுகாப்பு அறைகளோடு புதிதாகக் கட்டித் திறந்தார்கள். புது வீடுகள் 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும் என்று மூர் நகராட்சி விதியும் போட்டது. 1999, 2003, 2010, 2013 என்று அந்த ஊர் அடி வாங்கிய வருஷங்களை எழுதிப் பார்த்தால், அந்த விதி எவ்வளவு தாமதம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். எழுதவைத்தது பதினோரு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமை.

மே 31. சாயங்காலம். மறுபடியும் வாட்ச், மறுபடியும் வார்னிங், மேற்கே எல் ரீனோ பக்கம். மணி ஆறைத் தாண்டி அங்கே இறங்கியது 2.6 மைல் அகலம், நாலு கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்காவில் பதிவான டொர்னேடோக்களில் அதுதான் அகலம் அதிகம். அது எங்களை நோக்கி வருகிறது என்றார்கள். ஒரு தொலைக்காட்சியில் ஒருவர் குரல் நடுங்க, தரைக்குக் கீழே போக முடியாதவர்கள் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுங்கள் என்று சொன்னார். எங்களுக்குத் தரைக்குக் கீழே போக இடம் இருந்தது. இருபது அடி தூரத்தில். ஆனால் அந்த இரும்புப் பெட்டியின் இருட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. இருபதாம் தேதிக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கியே இருக்கவில்லை. சமையலறையில் பெட்டி தன் ஒரே சீரான குரலில் ஒளிந்துகொள்ளுங்கள் என்றது. டி.வி.யில் இருந்தவர் உரக்கச் சொன்னார். நான் உரக்கச் சொன்னவரை நம்பினேன்.

“பக்கத்து வூட்டு தாத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றாள் அம்மா. கேட்கவில்லை. குழந்தையைப் பின்சீட்டில் கட்டிக் காரைக் கிளப்பினேன்.

ஊரே அதையே செய்திருந்தது. 35ஆம் நெடுஞ்சாலை தெற்கு நோக்கி அசையாமல் நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி. எதிர்ப்பக்கச் சாலையிலும் ஆட்கள் தெற்கு நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வானம் பாசி பிடித்த குளம்போல ஆனது. ஆலங்கட்டி கண்ணாடியைக் கீறியது, பிறகு மழை, அப்படி ஒரு மழை. சக்கரத்தின் பாதிவரை தண்ணீர். டொர்னேடோவின் பாதையில் தகர டப்பாவுக்குள் குடும்பத்தை உட்காரவைத்துப் பூட்டியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு “நெல்லுக்கடை மாரியம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி பேசவில்லை. இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அந்த டொர்னேடோ நகரத்துக்கு வெளியே வயல்வெளியிலேயே கலைந்துவிட்டது. நின்றுபோன அந்தக் கார் வரிசைகளின்மேல் அது ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் கணக்குப் போட வேண்டாம். அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அவர்களில் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் ஆகியோர் டொர்னேடோவை ஆராய்ச்சி செய்யவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். அவர்களாலேயே காரில் தப்ப முடியவில்லை. அதே ராத்திரி ஓக்லஹோமா சிட்டியில் காற்றுக்குப் பயந்து வடிகாலுக்குள் ஒதுங்கியவர்களை வெள்ளம் அடித்துப் போனது.

நாங்கள் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிட்டது. தாத்தாவின் கராஜ் கதவு திறந்திருந்தது. டார்ச் விளக்கு எரிந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து குழந்தையைப் பார்த்தார். “மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். வருவீர்கள் என்று நினைத்தேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்கள் வராததால் அவர் தானும் குழிக்குள் இறங்காமல் இருந்திருக்கிறார் என்று எதிர்வீட்டுப் பெண் மறுநாள் சொன்னாள்.

அம்மா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினாள். போகும்போது பெட்டியைக் கேட்டாள். அங்கே அந்த அலைவரிசை கிடையாதம்மா என்றேன். “பேட்டரி போடுற மாதிரி ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் குடு” என்றாள். நாகையில் போய் அவளே வாங்கிக்கொண்டாள். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை ஏறியது. கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து, செல்போன் கோபுரங்கள் அடங்கிப்போய், மூன்று நாள் எனக்கு வெளிப்பாளையத்தில் ஒரு எண்ணும் கிடைக்கவில்லை. மூரில் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் யார் போனிலிருந்தோ கூப்பிட்டாள். “பதினொண்ணாம் நம்பர்தான்டா ஏறிக் கெடந்துச்சு. டிரான்சிஸ்டர் பேசுச்சு. அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

பக்கத்து வீட்டுத் தாத்தா அதற்கு அடுத்த வருஷம் காலமானார். அவர் வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவர் கொடுத்த பெட்டி இன்னும் எங்கள் சமையலறையில், புது மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாளில் பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

ஓக்லஹோமாவுக்கும் டெக்சாஸுக்கும் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீடு பார்க்கும்போது பூஜை அறைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் பதுங்குவதற்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவர்களோடு பழகிக்கொள்ளுங்கள். மூரில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்கு: சொந்த வீடு வாங்கியதும் நாங்களும் கராஜில் ஒரு குழி போட்டுவிட்டோம். எட்டுப் பேர் உட்காரலாம், நாய் தனி. பெட்டி கத்தினால் மூடி திறந்திருக்கும், வாருங்கள்.